ஒஸ்தாட மூலை உஸ்தாத் மூலையான கதை

எங்கள் குடும்ப வயலின் தென்கிழக்கில் 1 ஏக்கர் 1 றூட் அளவில் ஒரு துண்டு கிடக்கிறது. ஒஸ்தாட மூலை என்பது அதன் பெயர். மூத்தாப்பாவின் காலத்தில் ஊரில் பிள்ளைகளுக்குச் சுன்னத்து வைத்து, தலை சிரைத்து வந்த ஒஸ்தாவுக்குக் கையில் காசு கொடுக்கும் வழக்கம் இருக்கவில்லை. களவெட்டியில் பொலி அளக்கும்போது அவருக்கும் ஒரு பங்கு விழும். மூத்தாப்பாவுக்கு ஒவ்வொரு போகமும் மரைக்காலோடு மல்லுக்கட்டப் பிடிக்கவில்லை போலும். வயலில் ஒரு மூலையைக் காட்டி, இதில் விளைவது உனக்கு என்று சொல்லிவிட்டார். விதைப்பு எங்களுடையது, விளைவு அவருடையது. அவர் மௌத்தான பின்னர் விளைவும் எங்கள் கைக்கே திரும்பிவிட்டது. பெயர் மட்டும் திரும்பவில்லை.

இந்த மூலைதான் 2013ஆம் ஆண்டு வெளிவந்த எங்கள் ஊர் வரலாற்று நூலில் 'உஸ்தாத் மூலை' ஆகியிருக்கிறது. அரபு நாட்டிலிருந்து வந்த பெரியார் ஒருவர் அவ்விடத்தில் தங்கி மார்க்கக் கல்வி போதித்தார் என்று விளக்கம் வேறு. முழங்கால் சேற்றுக்குள் நின்றுகொண்டு அந்தப் பெரியார் யாருக்கு ஓதிக் கொடுத்தார், கொக்குகளுக்கா என்று நான் கேட்டேன். குழுவினருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒஸ்தா என்ற சொல்லே உஸ்தாத் என்பதிலிருந்து வந்ததுதானே சேர் என்றார் ஒருவர். உண்மைதான். சொல் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் எங்கள் வயலுக்கு வந்தவர் சவரக்கத்தியோடு வந்தவர். சொல்லின் பிறப்பைக் காட்டி மனிதனின் தொழிலை மறைப்பது ஆய்வாகாது.

நூலின் பெயரையும் குழுவினரின் பெயர்களையும் நான் இங்கு சொல்லப்போவதில்லை. அவர்களில் இருவர் என் நண்பர்கள். ஒருவர் என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். நான் எழுத வந்தது அவர்களைப் பற்றியல்ல. நமது ஊர்களில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்துகொண்டிருக்கும் வரலாற்று நூல்களில் தொற்றியிருக்கும் ஒரு வியாதியைப் பற்றி. வெள்ளையடிக்கும் வியாதி.

அந்த நூலுக்கு வயற்பெயர்களைக் கொடுத்தவன் நான்தான் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் காணி உறுதிகள் வாப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வீட்டோடு பெட்டியையும் எடுத்துக்கொண்டது. அதன்பிறகு எங்களிடம் மிஞ்சியிருந்த காணிப் பத்திரம் உம்மாதான். தற்காலிகக் கொட்டிலில் இருந்தபோது ஒரு சீ.ஆர். கொப்பியை வாங்கி, உம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். எந்தத் துண்டுக்கு எது எல்லை, எந்த வக்கடையால் தண்ணீர் இறங்கும், வரம்பில் என்ன மரம், அந்தப் பெயர் எப்படி வந்தது. எங்கள் ஐந்து துண்டுகளும் அந்த வட்டையில் பக்கத்துக் காணிகளுமாக நாற்பது பெயர்வரை சேர்ந்தது. ஆசிரியர் கலாசாலையில் சூழலைக் கற்பித்தல் துணைச்சாதனமாகப் பயன்படுத்துவது பற்றி நோட்ஸ் நோட்ஸாக எழுதியவன் நான். என் சொந்த வயலின் பெயர்க் காரணங்களை அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்டேன் என்பது வெட்கக்கேடு.

அந்தக் கொப்பியைத்தான் குழுவினர் வாங்கிச் சென்றார்கள். அச்சில் திரும்பி வந்தபோது எங்கள் ஐந்தில் மூன்று பெயர்கள் மாறியிருந்தன. ஒன்றின் பெயரை விட்டுவைத்துக் காரணத்தை மாற்றியிருந்தார்கள். ஆனைக்கிடங்கு என்ற ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். தாழ்ந்த நிலம், மாரியில் காட்டானை வந்து சேற்றில் புதைந்த இடம். ஆனைக்குச் சாதியுமில்லை, மதமுமில்லை என்பதால் தப்பியது.

வயற்பெயர் என்றால் ஏதோ செல்லப்பெயர் என்று நகரத்து வாசகர் நினைக்கக்கூடும். அப்படியல்ல. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்றாகியது. பழைய உறுதிகளை வாசித்துப் பாருங்கள். இன்னாருடைய காணி என்பதற்கு முன்னால் இன்ன பெயர் கொண்ட காணி என்று வரும். பிறகு நான்கு எல்லை. விஸ்தீரணம் இத்தனை அவணம், இத்தனை மரைக்கால் விதைப்பு என்றிருக்கும். அளவை வரைபடம் இல்லாத காணிக்குப் பெயரே முகவரி. அந்தப் பெயரை வைத்தவர் நொத்தாரிசுமல்ல, போடியாருமல்ல. வயலில் நின்றவர்கள் வைத்தார்கள். வக்கடை வெட்டப் போகிறவனுக்கு எந்த இடம் என்று கூவிச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது. முல்லைக்காரனுக்கும் வட்டவிதானையாருக்கும் ஒரே பெயர் விளங்க வேண்டியிருந்தது. ஆகவே அவர்கள் கண்ணில் பட்டதை, வாயில் வந்ததை, மனதில் கிடந்த கோபத்தை எல்லாம் பெயராக்கினார்கள். அட்டாளைச்சேனை என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டாளை என்றால் காவற்பரண், சேனை என்றால் காடு வெட்டிச் செய்த பயிர்நிலம். யாரோ ஓர் ஏழை பன்றிக் காவலுக்கு ஏறியிருந்த பரண் இன்றைக்கு ஊராகி, பிரதேச செயலகமாகி நிற்கிறது. எந்தப் பெரியாரும் வந்திறங்கத் தேவைப்படவில்லை.

பெத்தாட துண்டு என்பது நான்கு ஏக்கர். உம்மாவின் பெத்தா சீதனமாகக் கொண்டிருந்து மகளுக்குக் கொடுத்து, அந்த மகள் என் உம்மாவுக்குக் கொடுத்த காணி. கிழக்கில் நமது பெண்களுக்கு வீடும் வளவும் வயலும் தாய்வழியாக இறங்கிவந்த வரலாறு இந்த ஒரு பெயருக்குள் இருக்கிறது. நூலில் இது 'போடியார் வட்டை'. போடியார் என்றால் மூத்தாப்பா. அவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். காணி வந்த பக்கத்தை விட்டுவிட்டு மாப்பிள்ளை வந்த பக்கத்தை எழுதிவிட்டார்கள். சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகள் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டபோது நமது எழுத்தாளர்கள் சிலர் நியாயமாகவே கண்டித்தார்கள். அதிகாரி செய்தது பிழையென்றால் வரலாற்றாசிரியர் செய்தது என்ன?

இனிப் பிள்ளையாரடி. இதில்தான் நான் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் வயலின் மேற்கு எல்லையில் வாய்க்காலோரம் ஒரு மருத மரம். அதன் கீழே ஒரு கல். மூத்தாப்பாவின் முல்லைக்காரரும் அவரது ஆட்களும் தமிழர்கள். அவர்கள்தான் அந்தக் கல்லை வைத்தவர்கள். உழவு தொடங்குமுன் அங்கே பொங்கல் வைப்பார்கள். மூத்தாப்பா தொழுகை தவறாதவர். பொங்கலுக்குப் போகமாட்டார், அரிசியைக் கொடுத்தனுப்புவார். சூடடித்து முடிந்தால் நாங்கள் வாடியில் பாத்திஹா ஓதிச் சோறு ஆக்குவோம், அதற்கு அவர்கள் வருவார்கள். இதை நல்லிணக்கம், பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடைக்கு ஏற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. கூலியில் தகராறு வந்த வருடங்களும் உண்டு, உம்மா அதையும் சொல்லியிருக்கிறா. ஒரே வயலில் வேலை செய்தவர்களுக்கு மூன்று ஏக்கர் நிலத்தை அடையாளம் சொல்ல அந்த மரமும் கல்லும் வசதியாக இருந்தன. அவ்வளவுதான். பிள்ளையாரடியில தண்ணி ஏறல்ல என்று மூத்தாப்பா வாயாலேயே சொல்லுவார். அதனால் அவருடைய ஈமானுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நூலில் அது 'பள்ளியடி'. அந்த வட்டையில் மூன்று மைல் சுற்றளவுக்குப் பள்ளி எதுவும் இருந்ததில்லை. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "சேர், பிள்ளையாரடி எண்டு போட்டா நாளைக்கு அது அவங்கட காணி எண்டு வரும். எங்கட ஆக்களுக்கு நல்ல பேரா விட்டுட்டுப் போகணும்" என்று பதில் கிடைத்தது. இந்தப் பதிலின் பின்னாலிருந்த பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். 1990இல் எனக்குப் பதினொரு வயது. அந்த வருடம் ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்தவை எங்கள் ஊரில் எப்படிக் கேட்டன என்பது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வாப்பா வயலுக்குப் போகவில்லை. முல்லைக்காரரின் குடும்பமும் தங்கள் ஊரைவிட்டு ஓடியிருந்தது. வயல் யார் யாருடையவோ கைக்குப் போய்விட்டது. பயம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பயத்துக்குக் குழுவினர் கண்ட மருந்து என்ன செய்தது என்பதைச் சொல்லுகிறேன்.

நாங்கள் 2010இல் திரும்பிப் போனோம். நான்கு துண்டுகள் பேச்சுவார்த்தையிலேயே கைக்கு வந்தன. பிள்ளையாரடியை மட்டும் செய்கை பண்ணியவர் விடவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டேன் என்றார். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிறகு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் பயங்கரவாத நடவடிக்கைகளால் தங்கள் உரிமையைத் தேடிப் போக முடியாதவர்களுக்கு அந்தப் பத்து வருடக் கணக்கு எதிராக ஓடாது என்றார் எங்கள் சட்டத்தரணி. நல்லது. ஆனால் எந்தச் சட்டம் வந்தாலும் இந்தக் காணிதான் அந்தக் காணி என்று காட்டவேண்டிய வேலை நம்முடையது. உறுதி கடலில். பெயர்தான் கையில்.

2017இல் விசாரணை. எதிர்த்தரப்பினர் தங்கள் கோப்பிலிருந்து என்ன எடுத்து வைத்தார்கள் தெரியுமா? எங்கள் ஊர் வரலாற்று நூல். கெட்டி அட்டை, வர்ணப்படம். 'இவர்களுடைய சொந்த நூலிலேயே இவர்களது காணி பள்ளியடி என்றுதான் இருக்கிறது. நாங்கள் செய்வது பிள்ளையாரடி. இது வேறு காணி.' விசாரணை செய்த உத்தியோகத்தர் நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நூலின் பின்பக்கத்தில் தகவல் தந்தோர் பட்டியலில் என் பெயர் இருந்தது.

எனக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் அந்தப் பழைய முல்லைக்காரரின் மகன். இப்போது அவருக்கு அறுபதுக்கு மேல். என் உம்மாவை அவர் முப்பது வருடமாகக் கண்டதில்லை. ஐந்து துண்டுகளின் பெயரையும் மேற்கிலிருந்து கிழக்காக, தண்ணீர் இறங்கும் ஒழுங்கில் சொன்னார். என் கொப்பியில் உம்மா சொன்னதும் அதே ஒழுங்கு. ஒஸ்தாட மூலையையும் அவர் விடவில்லை. நம்மவர்கள் அழித்த பெயர்களை அவர்தான் வைத்திருந்தார். அந்த இடத்தில் எனக்கு வந்தது நன்றியா வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. விசாரணை இன்னும் முடிவுக்கு வரவில்லை. நூலின் முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கோப்பில் கிடக்கிறது.

மறுபக்கமும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளையாரடி என்ற பெயரைக் கண்டவுடனே பார்த்தீர்களா இது யாருடைய மண் என்று தொடங்கும் எழுத்தும் தமிழ்ப் பத்திரிகைகளில் வரத்தான் செய்கிறது. பெயரைக் கொண்டு ஆளை வெளியேற்றும் அந்த வாசிப்பும், பெயரை மாற்றி ஆளை உள்ளே வைக்கும் நம்மவரின் வாசிப்பும் ஒரே பாடசாலையில் படித்தவைதான். வயலில் ஒரு மதத்தார் மட்டுமே இருந்திருக்க முடியும் என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பட்டிப்பளை ஆறு அரச ஆவணங்களில் கல்லோயா என்றே வழங்குவதைப் பற்றி நமது மேடைகளில் எவ்வளவு பேசுகிறோம்! 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் ஊர்கள் முதலாம் கொலனி, இரண்டாம் கொலனி என்று இலக்கங்களாகிப் போனதைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்! மற்றவன் செய்தால் பெயரழிப்பு, நாம் செய்தால் பிரதேச ஆய்வா?

ஐந்தாவது துண்டை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதில் குற்றவாளி குழுவினர் மட்டுமல்ல. இரண்டு ஏக்கர். சூறாவளித் துண்டு என்று பெயர். 1978 நவம்பர் சூறாவளியின் நினைவாக வந்த பெயர் என்று நூல் சொல்கிறது. நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். காற்றடித்து அந்தத் துண்டு நாசமாகியிருக்கும் என்று. உம்மா சொன்ன கணக்கு வேறு. அந்தக் காணி மூத்தாப்பாவின் சொந்தக்காரர் ஒருவருடையது. சூறாவளியில் அவருடைய வீட்டுக்கூரை போய், தென்னை எல்லாம் விழுந்து, மூன்று குமர்ப் பிள்ளைகளோடு நின்றார். மூத்தாப்பா அரிசியும் கூரைத் தகரமும் கொடுத்து அந்த இரண்டு ஏக்கரையும் ஒத்திக்கு எடுத்தார். வட்டி ஹறாம் அல்லவா? ஆகவே வட்டிக்குப் பதிலாக விளைவைச் சாப்பிட்டோம். ஐந்து போகம் சாப்பிட்டபிறகும் முதல் குறையவில்லை. கடைசியில் அறுதியாக எழுதி வாங்கியாயிற்று. சூறாவளித் துண்டு என்று அதற்குப் பெயர் வைத்தவர் மூத்தாப்பா அல்ல, காணியைப் பறிகொடுத்தவர். வயலில் நின்ற ஆட்களின் வாயில் அது ஒட்டிக்கொண்டது. எங்கள் குடும்பத்தார் காற்றைப் பற்றிய பெயர் என்று நினைத்துக்கொண்டு நாற்பது வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"இதையும் எழுதவா உம்மா?" என்று கேட்டேன். "எழுது மனே. அந்தப் புள்ளையள் உசிரோட இரிக்காங்க" என்றா.

எழுதினேன். குழுவினருக்குக் கொடுத்த கொப்பியில் அது இருந்தது. போடியார் ஒருவரைப் பற்றி அப்படிப் போடுவது மரியாதையில்லை என்று நீக்கிவிட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆறுதல் ஏற்பட்டதென்பதை மறைத்தால் நானும் வெள்ளையடிப்பவனாகிவிடுவேன். என் பெரிய காக்கா அப்போதே சொல்லிவிட்டார், வீட்டுக் குப்பையை வெளியில் கொட்டாதே என்று.

நமது கதைகளிலும் கவிதைகளிலும் வயல் நிறைய வருகிறது. வயல், வரம்பு, நெற்கதிர், கொக்கு. அந்த வயலுக்கு ஒரு பெயர் இருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பெயர் சொன்னால் ஒஸ்தாவும் முல்லைக்காரரும் பெத்தாவும் ஒத்திக்காரரும் கதைக்குள் வந்துவிடுவார்கள், அவர்கள் வந்தால் கதை வேறு பக்கம் போய்விடும். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி, 2008இல் பெரிய ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். குடிமுறை, சீதனம், ஒஸ்தாக்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் வெளியிலிருந்து வந்து கேட்டு எழுதியதை நாம் உள்ளேயிருந்து அழித்துக்கொண்டிருக்கிறோம். நம்மிடம் சாதி இல்லை என்று மேடையில் சொல்வதற்கு ஒஸ்தாட மூலை இடைஞ்சலாகத்தான் இருக்கும். இடைஞ்சல் பெயரிலா இருக்கிறது?

காலமும் அதிகம் இல்லை. 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் 2007இல் தொடங்கப்பட்ட பிம்சவிய நிகழ்ச்சித்திட்டத்தில் வரைபட இலக்கமும் துண்டு இலக்கமும்தான் காணிக்கு அடையாளம். அதில் நன்மை உண்டு, நான் எதிர்க்கவில்லை. எங்களுக்கு அப்படியொரு தாள் இருந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. அறுவடை மெசின் ஓட்ட வருகிறவர்களும் வேற்றூர்க்காரர்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள், அவர்களுக்குப் பெயர் தேவையில்லை. ஆக, பெயர்களைத் தலையில் வைத்திருப்பவர்கள் உம்மா போன்ற கிழவிகளும் அந்த முல்லைக்காரரின் மகன் போன்ற சிலரும்தான். கடைசி ஆட்கள் போகும் முன்னர் எழுதிக்கொள்ள வேண்டிய நேரத்தில் நாம் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

நூலின் இரண்டாம் பதிப்பு வரப்போகிறதாம். திருத்தங்கள் இருந்தால் அனுப்பச் சொல்லி எனக்கும் கடிதம் வந்தது. அனுப்பிவிட்டேன். ஒஸ்தாட மூலை, பிள்ளையாரடி, பெத்தாட துண்டு, ஆனைக்கிடங்கு, சூறாவளித் துண்டு. ஒவ்வொன்றுக்கும் நேரே உம்மா சொன்ன காரணம். சூறாவளித் துண்டுக்குரிய காரணத்தை அனுப்புமுன் காக்காவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அந்தச் சொந்தக்காரரின் மூன்று பெண்மக்களில் இருவர் இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். இந்த இதழ் வந்ததும் ஒரு பிரதியை அவர்களுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்க இருக்கிறேன். அந்த இரண்டு ஏக்கரைப் பற்றி அதன்பிறகுதான் வீட்டில் பேச்சு.